நகரும் படிகளும் நிற்காத கூட்டமும்

1987-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் தன் முதல் ஓட்டத்தைத் தொடங்கியது. இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை 5 நிலையங்கள். எண்ணெய் மணம் போகாத புத்தம்புதிய நகரும் படிகளில் மக்கள் வேடிக்கை பார்ப்பதற்காகவே ஏறி இறங்கினர். அதன்பின் 11 நாள்கள் கழித்து, நவம்பர் 18, புதன்கிழமை மாலையில், லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலத்தடி ரயில் நிலையத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருந்த மரப்படி ஒன்றின் அடியில் தீப்பிடித்தது. 31 பேர் மாண்டனர்.

இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் பிறப்பை எழுதுகிறார்கள். யார் முதலில் கண்டுபிடித்தார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று. ஒரு பொறி கிழடுதட்டிய பிறகு அதை எடுத்துவிட்டு வேறொன்றை அங்கே வைத்த கதையை யாரும் விரித்து எழுதுவதில்லை. நகரும் படிக்கட்டைப் பொறுத்தவரை அதன் உண்மையான வரலாறு இந்த இரண்டாவது கதையில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. நாள்தோறும் திருநின்றவூரிலிருந்து ரயிலேறி நகரத்துக்குள் போய்வரும் தமிழாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். படி ஏறுகிறவன் என்ற அக்கறைதான்.

பிறப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1859-இல் அமெரிக்காவில் நேத்தன் ஏம்ஸ் என்பவர் 'சுழலும் படிகள்' என்ற பெயரில் ஒரு காப்புரிமை பெற்றார். காகிதத்தோடு அது நின்றுபோயிற்று. 1892-இல் ஜெஸ்ஸி ரீனோ, ஜார்ஜ் வீலர் ஆகிய இருவரும் தனித்தனியே காப்புரிமை பெற்றனர். ரீனோவின் பொறி 1896-இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஒரு கேளிக்கைச் சாதனமாக வைக்கப்பட்டது. அதில் படிகளே கிடையாது, சாய்ந்து நகரும் பட்டை மட்டுமே. ஏறிய உயரமும் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதல். 1898-இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் தோல்பட்டையால் ஆன நகரும் சாய்தளம் ஒன்றை வைத்தார்கள். மேலே வந்து சேர்ந்த வாடிக்கையாளர்களின் படபடப்பு தணிய அங்கே பிராந்தி கொடுத்தார்களாம். வீலரின் காப்புரிமையை விலைக்கு வாங்கிய சார்லஸ் சீபர்கர் ஓட்டிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய படியுள்ள பொறி 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்றது. 'எஸ்கலேட்டர்' என்ற சொல்லும் சீபர்கர் ஆக்கியதே. அது ஓட்டிஸின் வணிகப் பெயராக இருந்து, ஊரெல்லாம் பொதுச்சொல்லாகப் புழங்கியதால் 1950-இல் அந்த உரிமையை இழந்தது. ஒரு சொல் மக்கள் வாய்க்குள் போய்விட்டால் அதற்குச் சொந்தக்காரர் யாருமில்லை என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது. மொழி கற்பிக்கும் எவருக்கும் உவப்பாகவே இருக்கும்.

தமிழில் 'நகரும் படிக்கட்டு' என்கிறோம், 'மின்படிக்கட்டு' என்கிறோம், பேச்சில் எஸ்கலேட்டர்தான். நான் இங்கே 'மின்படி' என்று சுருக்கிக்கொள்கிறேன். 'நகரும் படிக்கட்டு' என்ற பெயரில் சிறு பிழை உண்டு என்றும் தோன்றுகிறது. கட்டப்பட்டது நகராது, நகர்வது கட்டப்பட்டதாக இருக்க முடியாது. கட்டடக்காரர்களும் நிர்வாகிகளும் செய்த தவறும் ஏறக்குறைய இதுவே. அவர்கள் அதைக் கட்டடத்தின் ஓர் உறுப்பாக, தூணைப்போலவும் சுவரைப்போலவும் எண்ணிவிட்டார்கள். உண்மையில் அது கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு வண்டி.

வண்டி என்று சொல்வது உவமைக்காக அன்று. மின்படியின் மேல்தோலை நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது இரும்புச் சட்டங்களால் பின்னிய ஒரு நீண்ட பாலம். தொழிலாளர்கள் இதை 'டிரஸ்' என்பார்கள். அதன் இரு நுனிகளும் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் உத்தரங்களின்மேல் உட்கார்ந்திருக்கும். பாலத்துக்குள் தண்டவாளங்கள், தண்டவாளத்தில் ஓடும் சிறு உருளைகள், இருபுறமும் படிகளைக் கோத்திழுக்கும் சங்கிலிகள், மேல்முனையில் ஒரு மோட்டார். நாம் மிதிக்கும் படி மேலே போனதும் மடங்கி, தலைகீழாகத் தொங்கியபடி, நம் காலடிக்குக் கீழேயே திரும்பி வருகிறது. ஏறும் கூட்டத்துக்குச் சரிசமமாக ஓர் ஆளில்லாப் படிவரிசை எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் கண்ணுக்குத் தெரியாத பாதிதான் தேய்மானத்தின் இருப்பிடம். சங்கிலி நீள்கிறது, உருளை தட்டையாகிறது, படிக்கும் பக்கச்சுவருக்கும் இடையிலான இடுக்கு மில்லிமீட்டர் கணக்கில் அகல்கிறது. சேலை முந்தானை, குழந்தையின் ரப்பர் செருப்பு, தளர்ந்த கயிறு எல்லாம் போய்ச் சேரும் இடம் அந்த இடுக்கு. மின்படியின் ஓரங்களில் தூரிகைபோல் மயிர்க்கற்றை பொருத்தியிருப்பதைப் பலரும் செருப்புத் துடைக்க வைத்தது என்று நினைத்து, செருப்பை அதில் தேய்க்கிறார்கள். காலை இடுக்கிலிருந்து விலக்கிவைக்கும் எச்சரிக்கை அது.

பல டன் எடையுள்ள இந்தப் பாலம், கட்டடம் எழும்பும்போதே, மேற்கூரை போடுமுன், கிரேனால் இறக்கி வைக்கப்படுகிறது. பிறகு அதைச் சுற்றிச் சுவர் எழுகிறது, கடைகள் வருகின்றன, கூட்டம் வருகிறது. வந்த வழி அடைபட்டுவிடுகிறது. 25, 30 ஆண்டுகள் கழித்து அதை வெளியே எடுக்க வேண்டிய நாள் வரும்போது, புட்டிக்குள் கட்டிய பொம்மைக் கப்பலை உடையாமல் வெளியே எடுக்கும் வேலை ஆகிவிடுகிறது. அதுவும், புட்டிக்குள் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்துகொண்டிருக்கும்போது. ஒரு மீட்டர் அகலப் படி, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால், மணிக்கு ஏறத்தாழ 6,000 பேரை ஏற்றும் என்பது பொறியியலார் கணக்கு. அதை நிறுத்துவதென்றால் அந்த 6,000 பேரைப் பக்கத்திலுள்ள குறுகிய கற்படிக்குத் தள்ளுவதாகும். ஆகவே நிர்வாகி ஒத்திப்போடுகிறார். இந்த ஆண்டு வேண்டாம், விழாக்காலம் முடியட்டும், நிதி வரட்டும். ஒத்திப்போடுதலின் முழு வரலாற்றையும் காண வேண்டுமானால் கிங்ஸ் கிராசுக்குப் போகவேண்டும்.

லண்டன் நிலத்தடி ரயிலில் முதல் மின்படி 1911 அக்டோபரில் ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் வந்தது. அது சீபர்கர் வகை. இறங்கும் இடத்தில் படிவரிசை நேராக முடியாமல் சாய்வாக முடியும், பயணி பக்கவாட்டில் காலெடுத்து வைக்கவேண்டும். 1924-இல் கிளாப்பம் காமன் நிலையத்தில், படியின் வரிகளுக்குள் பல்பல்லாக நுழையும் சீப்புத்தட்டு உள்ள வகை வந்தது. இன்று நாம் காண்பது அதன் வழிவந்ததே. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் பழக்கம் அக்காலத்தில் அவர்களுக்கு இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1930-களில் பெருவாரியாகப் போடப்பட்ட மரப்படிகள் பிறகு அப்படியே தங்கிவிட்டன. போர் வந்தது, பஞ்சம் வந்தது, நிதி சுருங்கியது. மரப்படி பழகிய முகமாகிவிட்டது. மிதித்தால் மெத்தென்றிருக்கும், பார்த்தால் அழகாக இருக்கும் என்று அதை நேசித்தவர்களும் உண்டு.

கிங்ஸ் கிராசில் பிக்கடில்லி வழித்தடத்துக்கு இறங்கும் 4-ஆம் எண் மின்படி இரண்டாம் உலகப் போருக்குச் சற்றுமுன் வைக்கப்பட்டது. படிகளும் பக்கப் பலகைகளும் மரம். அடியில் ஓடும் பாதையில் உராய்வெண்ணெயோடு நாரும் தூசும் மயிரும் மிட்டாய்த்தாளும் படிந்து ஒரு பாசிபோல் உறைந்திருந்தது. நிறுவிய நாளிலிருந்து அந்தப் பாதை ஒருமுறைகூட முழுமையாகத் தூய்மை செய்யப்படவில்லை என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. நிலத்தடி நிலையங்களில் புகைபிடித்தல் 1985-இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆயினும் வெளியே போகிறவர்கள் மின்படியில் மேலேறும்போதே சிகரெட்டைப் பற்றவைப்பது வழக்கம். தீக்குச்சி இடுக்கு வழியே கீழே விழும். அன்றும் விழுந்தது.

இதில் என்னை உலுக்கிய செய்தி, விழுந்த இடத்துக்கு அருகே பழைய கருகல் தடங்கள் கிடைத்தன என்பதே. முன்பும் குச்சிகள் விழுந்திருக்கின்றன, பற்றியிருக்கின்றன, தாமே அணைந்திருக்கின்றன. ஊழியர் வழக்கில் அவற்றுக்குத் 'தீ' என்ற பெயரே இல்லை. 'புகைச்சல்' என்றுதான் குறிப்பிட்டு வந்தார்கள். பெயரை மாற்றிவைத்தால் பொருளும் மாறிவிடும் என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று போலும். மரப்படி இருக்கும்வரை புகைச்சல் இருக்கத்தான் செய்யும் என்பது நிர்வாகத்தின் பட்டறிவாகி, பட்டறிவு கொள்கையாகி, கொள்கை பழக்கமாகியிருந்தது.

மாலை ஏழரை மணியளவில் ஒரு பயணி நெருப்பைக் கண்டு சொன்னார். மரப்படிகளுக்கு அடியில் நீர்த்திவலை தெளிக்கும் சாதனம் இருந்தது; அதை யாரும் இயக்கவில்லை, இயக்கும் பயிற்சியும் பலருக்கு இல்லை. தீயணைப்பு வீரர்கள் வந்தபோது கண்டது ஒரு பெரிய அட்டைப்பெட்டி எரிவதைப் போன்ற தீ, அவ்வளவே. 7.45-க்கு அது ஒரே வீச்சில் மேலேறி, பயணச்சீட்டுக் கூடத்தை முழுவதும் விழுங்கிற்று. சோஹோ தீயணைப்பு நிலையத்தின் அதிகாரி காலின் டவுன்ஸ்லி பயணிகளோடு அங்கே உயிரிழந்தார். இறந்தவருள் ஒருவர் யார் என்பதைக் கண்டறிய 16 ஆண்டுகள் பிடித்தன. 2004-இல்தான் அவருக்குப் பெயர் கிடைத்தது. அதுவரை அவர் ஓர் எண்ணாக மட்டுமே இருந்தார்.

சிறு தீ எப்படி ஒரு நொடியில் பேருருக் கொண்டது? டெஸ்மண்ட் ஃபென்னல் தலைமையில் நடந்த விசாரணை 91 நாள்கள் அமர்ந்தது. முதலில் கூரையில் அடுக்கடுக்காகப் பூசிய வண்ணத்தின்மேல் ஐயம் எழுந்தது. பிறகு கணினியில் மாதிரியமைத்துப் பார்த்தார்கள். 30 பாகைச் சாய்வில், இருபுறமும் பக்கச்சுவர் உள்ள அந்தப் பள்ளத்தில் சுடர் நிமிர்ந்து எரியாமல் படியோடு படிந்து படுத்துக்கொள்கிறது என்று கணினி காட்டியது. நிபுணர்களே முதலில் நம்பவில்லை. மூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரி கட்டி எரித்துப் பார்த்தார்கள். சுடர் படுத்தது, மேலுள்ள மரத்தைச் சூடாக்கிக்கொண்டே ஊர்ந்தது, ஒரு கட்டத்தில் நுனியிலிருந்து பீறிட்டது. 'அகழி விளைவு' என்று இன்று அதற்குப் பெயர். மக்கள் ஏறுவதற்கு வசதியாக அமைத்த சாய்வே நெருப்புக்கும் வசதியாயிற்று.

1988 நவம்பரில் வந்த ஃபென்னல் அறிக்கை 157 பரிந்துரைகளைத் தந்தது. லண்டன் நிலத்தடி ரயிலின் தலைவரும், அதற்கு மேலிருந்த போக்குவரத்துக் கழகத்தின் தலைவரும் பதவி விலகினர். மரப்படிகளை அகற்றுவது என்று முடிவாயிற்று. முடிவெடுப்பதற்கு ஓர் ஆண்டு, முடிப்பதற்கோ கால் நூற்றாண்டு! லண்டனின் கடைசி மரப்படி, கிரீன்ஃபோர்டு நிலையத்தில், 2014 மார்ச்சில்தான் நிறுத்தப்பட்டது. 31 உயிர்களின் அழுத்தம் பின்னால் இருந்தும் இத்தனை காலம் ஆயிற்று என்றால், இந்த வேலையின் கடினத்தைப் புரிந்துகொள்ளலாம்.

எப்படிச் செய்கிறார்கள்? ஒரு வழி, வாயிலை அடைத்துவிடுவது. வாஷிங்டன் மெட்ரோ 1976-இல் தொடங்கியது. அதன் மின்படிகள் பல கூரையில்லாமல் மழையிலும் பனியிலும் கிடந்தவை. அவற்றைச் செய்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பிறகு அந்தத் தொழிலையே விற்றுவிட்டுப் போய்விட்டது. உதிரி உறுப்புகள் கிடைப்பது அரிதாயிற்று. டூபாண்ட் சர்க்கிள் நிலையத்தின் தெற்கு வாயிலை 2012 பிப்ரவரியில் மூடி, 3 மின்படிகளையும் பெயர்த்தெடுத்துப் புதியவற்றை வைத்து, அக்டோபரில் திறந்தார்கள். எட்டு மாதங்களுக்கு மேல் அத்தனை பேரும் வடக்கு வாயிலில் நெரிந்தார்கள். இன்னொரு வழி, இரவில் மட்டும் செய்வது. கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில் துண்டு துண்டாக அறுத்து, உருளைகளின்மேல் தள்ளி, தண்டவாள வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோவது. புதியதையும் துண்டுகளாகவே கொண்டுவந்து கோப்பது. விடியுமுன் தரையைக் கூட்டிப் பெருக்கி, பலகைத் தடுப்பு வைத்துவிட்டுப் போய்விடவேண்டும். மூன்றாவது வழி இன்று பலராலும் விரும்பப்படுவது: இரும்புப் பாலத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, உள்ளிருக்கும் சங்கிலி, தண்டவாளம், படி, மோட்டார் அனைத்தையும் உருவியெடுத்துப் புதியவற்றைப் பொருத்துவது. எலும்பை வைத்துக்கொண்டு தசையை மாற்றுவது.

இந்த மூன்றாம் வழியைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் கோயில்களின் திருப்பணி முறைதான் நினைவுக்கு வந்தது. ஜீர்ணோத்தாரணம் என்பது பழுதுற்றதை எடுத்து நிறுத்துதல். அதில் முதல் வேலை பாலாலயம். கருவறையில் வேலை தொடங்குமுன், இறையாற்றலைக் கலசத்திலோ அத்திப்பலகையிலோ எழுந்தருளச் செய்து, ஒதுக்குப்புறமாக ஒரு சிறு கூடத்தில் வைப்பார்கள். வழிபாடு ஒருநாளும் நிற்பதில்லை, இடம் மட்டும் மாறுகிறது. அதன் பிறகே உளியும் சாரமும். குடமுழுக்கு ஆனதும் மீண்டும் மூலஸ்தானத்துக்கு. நெரிசல் மிகுந்த பொதுக்கட்டடம் ஒன்றின் நடுப்பகுதியைக் கூட்டத்தை விரட்டாமல் பழுதுபார்ப்பது எப்படி என்ற வினாவுக்கு நம்மவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு நடைமுறை வகுத்திருக்கிறார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை என்று தவணையும் வைத்திருக்கிறார்கள். தவணை தவறுவது வேறு விஷயம். பழுது வந்த பிறகு யோசிப்பதற்கும், பழுது வரும் என்று முதலிலேயே நாள் குறித்துவைப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேக்கிழார் பாடிய பூசலார் நாயனார் திருநின்றவூர்க்காரர். கையில் பொருளில்லாமல், கல்லும் மரமும் தச்சரும் எல்லாம் மனத்துக்குள்ளேயே தேடி, நாள் பார்த்துக் கடைக்கால் இட்டு, மனத்திலேயே கோயில் எழுப்பியவர். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூர் அன்பனின் ஆலயத்துக்குப் போகவேண்டும், நீ நாளை மாற்றிக்கொள் என்றார் என்பது கதை. எனக்கு இந்தக் கதையின் பொறியியல் பக்கம் பிடிக்கும். மனக்கோயிலுக்குப் பாரம் இல்லை, தேய்மானம் இல்லை, பாலாலயம் தேவையில்லை. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் மணற்கல்லோ உதிர்ந்து உதிர்ந்து, பூச்சுமேல் பூச்சாகப் பழுதுபார்க்கப்பட்டு நிற்கிறது. இதில் வேடிக்கை, பூசலாரின் மனக்கோயிலை நினைந்து எங்கள் ஊரில் இருதயாலீசுவரருக்குக் கல்லால் கோயில் கட்டிவிட்டோம். ஆகவே இப்போது அதற்கும் திருப்பணி வேண்டும்.

கல்லானாலும் இரும்பானாலும் பாரமுள்ளதெல்லாம் ஒருநாள் பழுதாகும். ஆனால் புதிதாக மாற்றிவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. மாஸ்கோவின் அவியமோட்டோர்னயா நிலையத்தில் 1982 பிப்ரவரி 17 அன்று ஒரு மின்படி கட்டறுந்து கீழ்நோக்கி ஓடி 8 பேர் இறந்தனர். அந்த நிலையம் திறந்து 3 ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. தடை சரியாகப் பிடிக்கவில்லை. 2018 அக்டோபர் 23-ஆம் நாள் ரோம் நகரின் ரெப்புப்ளிக்கா நிலையத்தில், கால்பந்து பார்க்க வந்த ரஷ்ய ரசிகர்கள் நிறைந்திருந்த மின்படி அதேபோல் ஓடிச் சுருண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர், நிலையம் அடுத்த ஆண்டு ஜூன் வரை மூடிக்கிடந்தது. ஆக, இறங்கும் படி ஏறும் படியைவிடக் கொடியது. பாரம் முழுவதும் தடையின்மேல் தொங்குகிறது. மாற்றுவதும் பேணுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

நம் நாட்டுக்கு வருவோம். கொல்கத்தாவில் 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது. 2002 டிசம்பரில் டெல்லி. என் தலைமுறைச் சென்னைக்காரர் பலர் மின்படியை முதலில் கண்டது 1990-களில் ஸ்பென்சர் பிளாசாவில். ஏறத் தயங்கி ஓரமாக நின்று, பிறர் எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள் என்று பார்த்துப் பழகிய தலைமுறை. இன்றும் எங்கள் வழித்தடத்திலிருந்து நகரத்துக்கு வரும் மூத்த பெண்கள் மின்படியின் முன் ஒரு கணம் நிற்பதைக் காண்கிறேன். சேலைக் கொசுவத்தை இடக்கையால் சற்றே தூக்கிப் பிடித்து, ஆற்றில் இறங்குவதைப் போல் வலக்காலை வைப்பார்கள். பின்னால் நிற்கும் இளைஞர்கள் பொறுமை இழப்பார்கள். எனக்கென்னவோ அந்தத் தயக்கத்தில் ஓர் அறிவு இருப்பதாகவே படுகிறது.

2010-களில் சென்னையின் பெரிய ரயில் நிலையங்களில் மின்படிகள் வரத் தொடங்கின. 2015 ஜூன் 29-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ திறந்தது. 2017 மே மாதத்தில் அது நிலத்துக்குள் இறங்கியது. 2018-இல் சென்ட்ரலை அடைந்தது. சென்னை மாநகரம் தன் வாழ்நாளில் கண்ட மின்படிகளில் பெரும்பகுதி இந்தச் சில ஆண்டுகளுக்குள் வந்தவையே. பூந்தமல்லியை நகரத்தோடு இணைக்கும் இரண்டாங்கட்டப் பாதையும் சேர்ந்தால் எண்ணிக்கை இன்னும் பெருகும். ஒரே காலத்தில் பிறந்தவை ஒரே காலத்தில்தான் மூப்படையும். 2040-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நகரம் தன் மின்படிகளை ஏறத்தாழ ஒருசேர மாற்றியாகவேண்டும். அப்போது கூட்டம் இன்றைய அளவில் இருக்காது.

கூட்டத்துக்குப் போதிய படி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன்வரை போகவேண்டியதில்லை. 2017 செப்டம்பர் 29 காலையில், மும்பையின் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தில், மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் இறங்கிவந்த கூட்டமும் ஒரு குறுகிய நடைமேம்பாலப் படிக்கட்டில் நெருங்கி 23 பேர் இறந்தனர். அங்கே எரிந்தது ஒன்றுமில்லை, அறுந்தது ஒன்றுமில்லை. பாலம் அகலம் போதாது என்பது எல்லோருக்கும் நெடுநாளாகத் தெரிந்திருந்தது. அதன் பிறகுதான் ரயில்வே துறை, நடைமேம்பாலத்தைப் பயணிகளுக்கான 'வசதி' என்ற தலைப்பிலிருந்து எடுத்துக் கட்டாயத் தேவை என்ற தலைப்பின்கீழ் வைத்தது. இங்கும் ஒரு பெயர்மாற்றம்தான், ஆனால் லண்டன் 'புகைச்சலுக்கு' நேர்மாறான திசையில். ராணுவப் பொறியாளர்களை அழைத்து, 2018 பிப்ரவரிக்குள் அங்கே புதிய பாலம் கட்டி முடித்தார்கள். ஐந்து மாதத்தில் முடியக்கூடிய வேலை அது என்பது அப்போதுதான் தெரியவந்தது.

சிங்கப்பூர் இந்த வினாவை முன்கூட்டியே எதிர்கொண்டது. 1987-இல் தொடங்கிய முதற்கட்ட நிலையங்களின் மின்படிகள் 30 வயதை நெருங்கியபோது, நிலையத்தைத் திறந்துவைத்தபடியே ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒன்றை அடைக்கும்போது மற்றொன்றின் திசையை நேரத்துக்கேற்ப மாற்றுவது, மாற்றுவழியைத் தமிழ் உட்பட நான்கு மொழிகள் புழங்கும் ஊரில் எல்லோருக்கும் புரியும்படி காட்டுவது என்று சிறுசிறு ஏற்பாடுகளால் ஆனது அந்த வேலை. சில நிலையங்களில் மின்படிக்கு இரு வேகங்கள் வைத்தார்கள்: நெரிசல் நேரத்தில் நொடிக்கு 0.75 மீட்டர், மற்ற நேரத்தில் 0.5 மீட்டர். காலை பத்து மணிக்குமேல் வருபவர்கள் முதியவர்கள், அவசரம் இல்லாதவர்கள், விழுந்தால் எலும்பு முறிகிறவர்கள் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்.

எடுத்த பழைய படிகள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். சிட்னியின் விண்யார்டு நிலையத்தில் மட்டும் ஒரு விலக்கு நேர்ந்தது. 1930-களின் மரப்படிகளை அங்கே அகற்றிவிட்டு உலோகப்படிகளை வைத்தபோது, கிறிஸ் ஃபாக்ஸ் என்ற சிற்பி பழைய படிகளில் 244-ஐ வாங்கி, நீண்டு நெளியும் ஒரு நாடாபோல் கோத்து, புதிய மின்படிகளுக்கு மேலே கூரையில் தொங்கவிட்டார். 2017-இல் திறந்த அந்தச் சிற்பத்தின் எடை 5 டன்னுக்கு மேல். தலைமுறை தலைமுறையாக மிதித்த படிகளை இப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே மக்கள் மேலேறுகிறார்கள். ஆன்ட்வெர்ப் நகரில் ஆற்றுக்கடியில் போகும் நடைசுரங்கத்தில் 1930-களின் மரப்படிகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதையும் சொல்லவேண்டும். பேணினால் மரமும் நிற்கும். கிங்ஸ் கிராசில் மரத்தைக் குற்றவாளியாக்குவது எளிதாயிருந்தது, அவ்வளவுதான்.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னாட்டின் முதல் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போயிற்று. அன்றிலிருந்து இந்தத் தடம் நகரத்துக்கு வேலைக்காரர்களையும் காய்கறியையும் கொண்டுவந்ததைப் போலவே நோயாளிகளையும் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது மருத்துவமனை. திருவள்ளூர், திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து வரும் மூட்டுவலிக்காரர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் காலையில் அங்கே இறங்கி, சாலையின் அடியில் போகும் வழியில் இறங்கி ஏறி, மறுபுறம் சேரவேண்டும். கையில் எக்ஸ்ரே உறை, தோளில் சோற்றுப்பை. மின்படி ஓடினால் அதைப் பிடித்துக்கொள்வார்கள், நின்றிருந்தால் நின்ற மின்படியிலேயே ஏறுவார்கள். நின்ற மின்படியில் ஏறுவது சாதாரணப் படியில் ஏறுவதைவிடக் கடினம். அதன் படி உயரம் கூடுதல், தொடக்கத்திலும் முடிவிலும் உயரம் மாறிக்கொண்டே வரும்.

இப்போது எழும்பிக்கொண்டிருக்கும் நிலையங்களில் கூரை மூடுவதற்கு இன்னும் சில காலம் இருக்கிறது. வரைபடத்தை வைத்துக்கொண்டு பொறியாளரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மின்படியை 2050-இல் எந்த வழியாக வெளியே எடுப்பீர்கள், அந்த மாதங்களில் எக்ஸ்ரே உறையோடு வருகிறவர் எந்த வழியாக மேலே போவார்?